சுரமானியும் சமமும்

உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படித்தவர்களுக்குச் சுரமானி மறந்திருக்காது. நீண்ட மரப்பெட்டி, அதன்மேல் இழுத்துக் கட்டிய ஒரு கம்பி, நுனியில் தொங்கும் படிகள், நடுவில் நகர்த்தக்கூடிய சிறிய பாலம். கம்பியில் ஒரு கடதாசித் துண்டை மடித்து ஏற்றிவிட்டு, இசைக்கவையைத் தட்டிப் பெட்டியில் ஊன்றுவோம். பாலத்தை முதலில் விரற்கடையாகவும் பிறகு மயிரிழையாகவும் நகர்த்திக்கொண்டு போனால் ஓரிடத்தில் கடதாசி துள்ளிக் கீழே விழும். "பரிவு" என்பார் ஆசிரியர். நீளத்தை அளந்து கொப்பியில் எழுதிக்கொள்வோம். பின்னேரம் வீட்டுக்குத் திரும்பும் வழியில் கோயில் திருவிழா என்றால் தவிற்சமா நடந்துகொண்டிருக்கும். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு நிற்போம். காலையில் அளந்த கம்பிக்கும் பின்னேரம் கேட்ட மேளத்துக்கும் ஏதாவது தொடர்பு இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. யாரும் சொல்லித் தந்ததுமில்லை.

அந்தத் தொடர்பின்மைக்கு இருநூறு வருட வரலாறு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அது வட்டுக்கோட்டையில் தொடங்குகிறது. ஆனால் பாரிசையும் வியன்னாவையும் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தால்தான் வட்டுக்கோட்டையில் என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்பது விளங்கும்.

முன்னோர் சொன்னார்கள் என்பதற்காக எதையும் ஏற்கமாட்டோம், எல்லாவற்றையும் அறிவின் முன் நிறுத்தி விசாரிப்போம் என்று பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஒரு கூட்டம் கிளம்பியது. அரசு, மதம், சட்டம் என்று வரிசையாக விசாரணைக்கு வந்தபோது இசையும் தப்பவில்லை. 1722 இல் ழான் பிலிப் ராமோ என்ற பிரெஞ்சு இசைஞர் ஒரு தடித்த நூலை வெளியிட்டார். சுரங்கள் ஒன்றோடொன்று இணங்கி ஒலிக்கும் முறை முழுவதையும், ஒரேயொரு கம்பியைப் பகுத்துக் கிடைக்கும் எண்களிலிருந்து வருவித்துவிடலாம் என்பது அவர் வாதம். கணிதரும் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் பதிப்பாசிரியர்களில் ஒருவருமான தாலம்பேர், ராமோவின் கொள்கையைப் பொது வாசகருக்காகச் சுருக்கி 1752 இல் எழுதினார். தத்துவஞானி ரூசோவுக்கு இது பிடிக்கவில்லை. இசை மனிதக் குரலின் ஏக்கத்தில் பிறந்தது, அதைக் கம்பிக் கணக்கில் கட்டிப்போடாதீர்கள் என்று சண்டை பிடித்தார். எண்ணா குரலா என்ற இந்தச் சண்டை அதோடு முடியவில்லை. பின்னால் நம்மூருக்கும் வந்தது.

அறிவொளிக் காலம் என்று பெயர்பெற்ற அந்தக் காலத்தாருக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. பாட்டில் சொல் இருக்கிறது, சொல்லுக்குப் பொருள் இருக்கிறது. சொல்லே இல்லாத கருவி இசை எதைச் சொல்கிறது? பிரெஞ்சு அறிஞர்கள் சிலர் சொனாட்டாவைக் கேட்டுவிட்டு, இது என்னிடம் என்ன கேட்கிறது என்று சலித்துக்கொண்டார்கள். ஜெர்மன் தத்துவஞானி காந்த் 1790 இல் கலைகளைத் தரம் பிரித்தபோது, சிந்தனைக்குத் தீனி தருவதில் இசையைக் கடைசி இடத்தில் வைத்தார். இந்தக் கேள்விக்கு நூல் எழுதாமல் பதில் சொன்னவர் ஒஸ்திரிய இசையமைப்பாளர் ஜோசப் ஹைடன்.

ஹைடன் 1781 இல் ஆறு நால்வர் இசைகளை எழுதினார். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ. அவற்றில் ஒன்றுக்குப் பிற்காலத்தில் 'பகிடி' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அதன் கடைசி நிமிடத்தில் அவர் மெட்டைத் துண்டு துண்டாக உடைத்து நடுநடுவே மௌனத்தைச் செருகுகிறார். முடிந்துவிட்டதென்று கைதட்டப் போனால் அடுத்த துண்டு வருகிறது. பிறகு நீளமான ஒரு மௌனம். சரி, முடிந்ததே முடிந்தது என்று நிமிரும்போது மெட்டின் முதல் துண்டு மாத்திரம் மெல்ல ஒலித்து, அதோடு நின்றுவிடுகிறது. இதில் சிரிக்க வேண்டுமானால், கேட்பவர் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்திருக்க வேண்டும். இனி என்ன வரும் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தால்தான் அந்தக் கணக்குப் பிழைக்கும்போது சிரிப்பு வரும். கேட்பவரைத் தனக்குச் சமமான புத்திசாலியாக மதித்து எழுதப்பட்ட இசை இது. நால்வர் இசையைக் கேட்பது, அறிவுள்ள நான்கு பேர் உரையாடுவதைக் கேட்பதுபோல என்று ஜெர்மன் கவிஞர் கேத்தே ஒரு கடிதத்தில் எழுதியதும் இந்தப் பொருளில்தான். ஹைடன் பகிடி எழுதிய அதே 1781 இல்தான் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸ் கோளைக் கண்டார். வயிற்றுப்பாட்டுக்குத் தேவாலயத்தில் ஓகன் வாசித்த இசைஞர் அவர். இங்கிலாந்துக்குப் போன ஹைடன் 1792 இல் அவருடைய தொலைநோக்கியைத் தேடிப் போய்ப் பார்த்தார்.

அப்படியென்றால் அறிவு இசைக்குள் நுழைய இரண்டு வாசல். ராமோ கம்பியை அளந்தார். ஹைடன் கேட்பவரின் எண்ணும் மனத்தோடு விளையாடினார். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் முதல் வாசலை மட்டுமே கண்டது என்பது என் எண்ணம். இரண்டாவது வாசல் ஊருக்குள் அகலத் திறந்தே கிடந்தது. அதை வாசல் என்று யாரும் சொல்லவில்லை.

கேத்தேயின் கடிதம் 1829 நவம்பரில் எழுதப்பட்டது. அந்த வருடம் மார்ச்சில் வட்டுக்கோட்டையில் ஒரு சந்திரகிரகணம் பெரிய பேச்சாக இருந்தது. அமெரிக்க மிஷன் 1823 இல் அங்கே தொடங்கிய செமினரியில் டானியல் பூவர் அதிபர். ஊர்ப் பஞ்சாங்கம் சொன்ன கிரகண நேரத்துக்கும் பூவர் போட்ட கணக்குக்கும் வித்தியாசம் இருந்தது. மணிக்கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு சனங்கள் வானத்தைப் பார்த்தார்கள். வானம் பூவர் பக்கம் நின்றது. பூவருக்கு விஞ்ஞானம் ஒரு நெம்புகோல். பஞ்சாங்கம் ஆடினால் புராணம் ஆடும், புராணம் ஆடினால் சைவம் ஆடும் என்பது அவர் கணக்கு. கிரகணக் கணக்குச் சரிவந்த அளவுக்கு இந்தக் கணக்குச் சரிவரவில்லை. பிள்ளைகள் நெம்புகோலை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அது அவர் நினைத்த கல்லைப் புரட்டவில்லை. செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவராகி, பிறகு வாழ்நாளைத் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றுவதில் செலவிட்டார். மிஷன் பள்ளியில் படித்துப் படிப்பித்த ஆறுமுக நாவலர் அச்சியந்திரத்தையும் பாடசாலையையும் பிரசங்கத்தையும் அப்படியே எடுத்துச் சைவத்துக்கு வைத்துக்கொண்டார்.

இந்த அறிவொளியில் வானியல் இருந்தது, கணிதம் இருந்தது, மருத்துவம் இருந்தது, இலக்கணம் இருந்தது. இசை இருக்கவில்லை. தேவாலயத்தில் ஞானப்பாட்டு உண்டு, கோயிலில் மேளம் உண்டு. இரண்டும் வணக்கத்தோடு சேர்ந்தவை, விசாரணைக்கு உட்படாதவை. இசையை விஞ்ஞானக் கண்ணால் பார்க்க இன்னும் நூறு வருடம் போக வேண்டியிருந்தது. பார்த்தவரும் குடாநாட்டில் பிறந்தவர் அல்லர்.

மயில்வாகனன் 1892 இல் மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் பிறந்தார். உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்கு நல்லார் உரையோடு முதன்முதலில் அச்சிட்டதும் அந்த வருடந்தான். இதைத் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த உரை அச்சுக்கு வராமல் இருந்திருந்தால் மயில்வாகனனின் வாழ்நாளின் பெரிய வேலைக்குக் கருப்பொருளே இல்லை. 1916 இல் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா. அதே வருடம் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டம். இந்த இரண்டு கடதாசிகளும் ஒரே மனிதரின் கையில் ஒரே வருடத்தில் சேர்ந்ததுதான் கதையின் முடிச்சு. பிறகு யாழ்ப்பாணம் வந்து சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். 1920 இல் லண்டன் பி.எஸ்ஸி. பட்டம் பெற்று மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபரானார். 1924 இல் இராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தர் ஆனார். அந்த வருடங்களில் அவர் ஏதாவது ஒரு வகுப்பறையில் சுரமானியின் பாலத்தை நகர்த்திக்கொண்டு நின்றதாகக் கற்பனை செய்வது எனக்குப் பிடிக்கும். சான்று கேட்டால் என்னிடம் இல்லை.

பெயரில் ஒரு வேடிக்கை. யாழ் வாசித்த பாணனுக்குப் பரிசாகக் கொடுத்த மணற்றிடல்தான் யாழ்ப்பாணம் என்ற கதையை 'யாழ்ப்பாண வைபவமாலை'யில் எழுதியவர் மாதகல் மயில்வாகனப் புலவர். அதே பெயருடைய இன்னொருவர் வந்து, அந்தப் பாணன் கையில் என்னதான் இருந்தது என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி அது. யாழின் பெயரைச் சுமக்கும் குடாநாட்டில் யாழைக் கண்டவர் இல்லை. வீணை வந்தபின் தமிழ்நாட்டிலும் அது வழக்கொழிந்து பல நூற்றாண்டு. ரயிலுக்கு 'யாழ்தேவி' என்று பெயர் வைத்தார்கள், கடைப் பலகையில் யாழ் வரைந்தார்கள். நரம்பை மீட்டிய கை ஒன்றுமில்லை.

விபுலாநந்தர் எழுதிய 'யாழ் நூல்' செய்தது அந்த யாழைக் கணக்கிலிருந்து திரும்பக் கட்டும் வேலை. சங்க நூலான பொருநராற்றுப்படையில் யாழின் ஒலிப்பெட்டியான பத்தர் மானின் குளம்புச் சுவடு போலிருக்கிறது. தலை தூக்கிய பாம்புபோல அதன் தண்டான கோடு நிமிர்கிறது. ஒரு தமிழ்ப் பண்டிதர் இவற்றை உவமை நயம் என்று பாராட்டிவிட்டு அடுத்த அடிக்குப் போவார். விபுலாநந்தர் அவற்றைத் தச்சனுக்குக் கொடுக்கும் வரைபடமாக வாசித்தார். நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் பத்தர் என்றால் அதன் மேல் தோல் எப்படிப் போர்த்தப்படும், நரம்பு எங்கே கட்டப்படும், கோட்டின் வளைவால் எந்த நரம்பு நீளும், எது குறுகும் என்று போகிறது அவர் விசாரணை. இருபத்தொரு நரம்புப் பேரியாழிலிருந்து ஏழு நரம்புச் செங்கோட்டியாழ் வரை உறுப்புறுப்பாகப் பார்க்கிறார். நூலின் இயல்களுக்கு அவர் வைத்த பெயர்களிலேயே ஒழுங்கு தெரியும்: பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல். முதலில் உறுப்பு, பிறகு நரம்பு, பிறகு சுரமாற்றம், அதன்பின்தான் பண். ஆய்வுகூடத்து ஒழுங்கு இது.

கணக்கை ஒருதரம் நாமே போட்டுப் பார்ப்போம். 90 சென்ரிமீற்றர் நீளக் கம்பி ஒன்றின் ஒலியை, பழந்தமிழ் இசையின் ஏழு சுரங்களில் முதலாவதான குரல் என்று வைப்போம். அதை 60 இல் நிறுத்தி மீட்டினால் இளி. அதே விகிதத்தில் இளியிலிருந்து மேலே போனால் 40. அதைக் கீழ்த்தானத்துக்குக் கொண்டுவந்தால் 80, அது துத்தம். துத்தத்திலிருந்து போனால் 53.3, அது விளரி. பிறகு கைக்கிளை, தாரம், உழை. பழைய உரைகளில் நரம்புகளுக்குக் காணும் பிறப்பு வரிசையும் இதுதான். இப்படிப் பன்னிரண்டு படி போனால் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர வேண்டும். வராது. 90 சென்ரிமீற்றரில் நிற்க வேண்டிய குரல், 88.8 இல் நிற்கும். கிரேக்கர் காலத்திலிருந்து எல்லா நாட்டு இசைக் கணிதரையும் அலைக்கழித்தது இந்த ஒரு சென்ரிமீற்றர்ச் சொச்சம்தான். ஐரோப்பியர் பிசகைப் பன்னிரண்டு சுரத்துக்கும் சமமாகப் பங்கிட்டுப் பியானோவைச் சுருதி கூட்டினார்கள். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகர'த்தில் ஒரு தானத்துக்கு இருபத்துநான்கு சம அலகு என்று வாதாடினார். சித்த மருத்துவத்தில் உழைத்த பணத்தை இந்த வழக்குக்காக இறைத்தவர் அவர். விபுலாநந்தர் நின்றது இருபத்திரண்டு அலகின் பக்கம்: குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2. சமமில்லாத பங்கு. பண்டிதரின் கணக்குத்தான் பார்க்க அழகு. ஆனால் காது சமப்பங்கைக் கேட்பதில்லை என்பது என் கட்சி.

இந்த நரம்புகளை எங்கே நிறுத்திக் கணக்கிட்டார்கள்? சிலப்பதிகார உரை விளக்கும் வட்டப்பாலையில், பன்னிரண்டு இராசி வீடுகளில். ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்கள் ஏழு நரம்பின் பெயர் பூண்டு வட்டமாக நிற்பதும் இந்தக் கணக்கோடு சேர்ந்தது. பூவர் கிரகணக் கணக்கால் அசைத்துப் பார்த்த பஞ்சாங்கத்தின் அதே பன்னிரண்டு கட்டம். நூறு வருடங்களுக்குப் பிறகு, லண்டன் பட்டம் பெற்ற ஒரு விஞ்ஞான ஆசிரியர் அந்தக் கட்டத்துக்குள் கிரகத்தைத் தேடவில்லை, சுருதியைத் தேடினார். மிஷன் கொண்டுவந்த அறிவொளி இந்த மண்ணில் எடுத்த வினோதமான திருப்பங்களில் இதைவிட எனக்குப் பிடித்தது வேறில்லை.

'யாழ் நூல்' 1947 ஜூன் 5, 6 ஆம் திகதிகளில் தமிழ்நாட்டில் திருக்கொள்ளம்பூதூர்ச் சிவன் கோயிலில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. அவர் கணக்குப்படி செய்த கருவிகளைச் சபையில் காட்டினார்கள், இசைத்தும் காட்டினார்கள். அளவையும் விகிதமும் நிறைந்த ஒரு நூலுக்குத் தெய்வ சந்நிதியில் அரங்கேற்றம். தாலம்பேருக்கு இது விளங்கியிருக்காது. விபுலாநந்தருக்கு இதில் முரண் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதே நூலின் வாயிலில், மட்டக்களப்பு வாவியில் நிலாக் காலத்தில் கேட்கும் நீரொலியைப் பற்றி அவரே பாடிய நீரரமகளிர் பாட்டையும் வைத்தார். ராமோவும் ரூசோவும் ஒரே அட்டைக்குள் குடியிருக்கிறார்கள். அரங்கேறி நாற்பத்துநான்கு நாளில், ஜூலை 19 அன்று அவர் இறந்தார்.

ஐரோப்பாவின் அறிவொளி ஹைடனைப்போல ஒரு கருவி இசைஞனைத் தந்தது. நமது அறிவொளி ஒரு கருவியைத் தந்தது. ஆனால் கருவிக்கு இசைஞன் வேண்டும், பரம்பரை வேண்டும், பிழைவிட்டு அடி வாங்கிய பிள்ளைகள் வேண்டும். யாழுக்கு அவை கிடைக்கவில்லை. நூல் நிலைத்தது, கருவி காட்சிப் பொருளானது. இடையில் இசைக்கல்வியும் பள்ளிக்கூட ஒழுங்குக்குள் வந்தது. 1931 இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை வைத்தது. 1960 இல் மருதனார்மடத்தில் இராமநாதன் சங்கீத அக்கடமி தொடங்கியபோது மகாராஜபுரம் சந்தானம் அதிபராக வந்தார். பாட்டும் வயலினும் வீணையும் நடுத்தர வீடுகளின் விறாந்தைக்கு வந்தன. நல்ல காரியந்தான்.

மேளம் மட்டும் வீதியில் நின்றது. அளவெட்டியிலும் இணுவிலிலும் இசைவேளாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அதைக் காத்தன. பரீட்சைத் தாள் இல்லை, பாடநூல் இல்லை. கோயில் ஊழியம், சாதித் தொழில் என்று ஊர் அதை ஒதுக்கமாக வைத்தது. அதே ஊர் விடியவிடியக் குந்தியிருந்து கேட்டது. இல்லாத யாழைப் பற்றி மேடையில் உருகிய நாங்கள், இருந்த தவிலைப் பற்றி ஒரு நல்ல நூல் எழுதவில்லை. தவில்மேதை தெட்சணாமூர்த்தி 1933 இல் பிறந்து 1975 இல் போய்விட்டார். தமிழ்நாட்டு வித்துவான்கள் விரும்பி அழைத்த கை. அவரைப் பற்றிய நல்ல ஆவணப்படத்தை 2015 இல் எடுத்தவரும் தமிழ்நாட்டு அம்ஷன் குமார்தான்.

தவிலில் இருக்கும் அறிவு யாழ் நூலின் அறிவுக்கு இளைத்ததல்ல. வலந்தரையில் கூடு மாட்டிய விரல்கள், தொப்பியில் கழி. ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் எட்டு அடி, அடிக்கு நான்காக 32 மாத்திரை. அதற்குள் தீர்மானமாக ஒரு கோர்வையை மூன்றுதரம் வைத்து, ஆவர்த்தனத்தின் முதல் அடியான சமத்தில் கொண்டுவந்து விடவேண்டும். 'தக தகிட' என்ற ஐந்தை இரண்டுதரம் சொன்னால் பத்து. பத்து, ஒரு மாத்திரை கார்வை என்ற இடைவெளி, பத்து, மறுபடி ஒரு மாத்திரை, பத்து. கூட்டினால் 32. அடுத்த அடி சமம். இது பிள்ளைக் கணக்கு. தெட்சணாமூர்த்தி போன்றவர்கள் கார்வையை ஒளித்து வைப்பார்கள். ஐந்தைச் சுருக்கி நீட்டுவார்கள். தாளம் போடுபவரே தடுமாறும்படி அடிக்கு எதிராகவே நடப்பார்கள். இதோ முடிந்தது என்று சபை தலையாட்டப் போகும்போது முடிக்காமல் இன்னொரு சுற்று எடுப்பார்கள். சொல் இல்லை, பாட்டு இல்லை. கேட்பவர் எண்ணுகிறார் என்ற நம்பிக்கை ஒன்றுதான் முதல். ஹைடனின் பகிடியைப் பிற்காலத்தில் ஒலித்தட்டில் கேட்டபோது எனக்கு வியன்னா நினைவுக்கு வரவில்லை. அந்த மௌனத்தை நான் முன்பே கேட்டிருந்தேன்.

சைக்கிளைச் சாத்திவிட்டு நின்ற அந்தப் பின்னேரங்களில் ஒன்றில், எங்களுக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் கச்சான் விற்றுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவராகத் தெரியவில்லை. ஒரு கை சரை சுற்றும். மற்றக் கையின் பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு ஓடும். நான் காசைக் கொடுத்தேன். அவர் சரையை நீட்டினார். அந்த நேரம் பார்த்துத் தவிற்காரர் தீர்மானத்தை எடுத்துவிட்டார். முதற்சுற்று, ஒரு கார்வை, இரண்டாம் சுற்று. நீட்டிய கை சமம் வரும்வரை அந்தரத்தில் நின்றது.